ராக் சக்கர் சுப்ரீம் ரீலோடிங் தொகுப்பு: பூட்டியதில் நான் செய்த தவறுகளோடு ஒரு மதிப்பீடு

சுட்டு முடித்த தோட்டாவில் தீர்ந்துபோவது பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரும் வெடிமருந்தும் குண்டும்தான்; தோட்டாவின் விலையில் கணிசமான பங்கை விழுங்கிய பித்தளைக் கூடு அப்படியே கையில் மிஞ்சுகிறது. வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்துபோன அந்தக் கூட்டை மீண்டும் அளவுக்குச் சுருக்கி, புதிய பிரைமர் பொருத்தி, அளந்த மருந்தைக் கொட்டி, மேலே புதுக் குண்டை அமர்த்தினால் அது திரும்பவும் தோட்டாவாகிவிடும். அமெரிக்காவில் ரீலோடிங் என்று சொல்லப்படும் இந்த வேலையைச் சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்துகொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. நிரப்பியதை விற்கும் தொழிலுக்குத்தான் உரிமம் வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவில், தோட்டா தயாரிப்பதையே உரிமத்துக்குள் அடக்கிவிடுகிறது. ஆகவே இந்த மதிப்பீடு, என்னைப் போல அமெரிக்காவில் சுடுதளத்துக்குப் போய்வரும் தமிழர்களுக்கே நேரடியாகப் பயன்படும். மற்றவர்கள் ஒரு கருவியைப் பூட்டத் தெரியாமல் பூட்டியவனின் கதையாகப் படிக்கலாம்.

நான் வாங்கியது ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ராக் சக்கர் சுப்ரீம் தொகுப்பு. 1943இல், போர்க்காலத்தில் நல்ல குண்டுகள் கிடைக்காத நிலையில், கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. ராக் சக் என்பது மேற்கு அமெரிக்காவின் பாறைச் சரிவுகளில் வாழும் ஒரு வகைப் பெரிய அணில். அதை வேட்டையாடுவதற்கான குண்டுகளை அழுத்தி உருவாக்கும் அச்சைத்தான் அவர் முதலில் செய்தார். ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்ற அந்த அச்சின் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயராக நின்றுவிட்டன. கூட்டை அழுத்தும் கருவியான பிரஸ் வார்ப்பிரும்பாலானது; நான்கு பக்கமும் மூடிய சட்டம், பச்சை வண்ணம், பெரியவர் ஒருவர் ஒரு கையால் தூக்கினால் முனகும் எடை. ஒரு கைப்பிடி, கூட்டை மேலே ஏற்றும் உலக்கைபோன்ற ஒரு ராம், மேலே கூட்டை வடிவுக்குக் கொண்டுவரும் அச்சான ஒரே ஒரு டை. கைப்பிடியை ஒரு முறை இறக்கினால் ஒரே ஒரு வேலை நடக்கும். இதைத்தான் சிங்கிள் ஸ்டேஜ் என்கிறார்கள்.

பெட்டிக்குள் பிரஸ்ஸோடு மருந்து அளக்கும் குடுவை, 500 கிரெய்ன் (மருந்து நிறுக்கும் சிறு எடையளவு) வரை நிறுக்கும் கோல் தராசு, கையில் பிடித்துப் பிரைமர் பொருத்தும் கருவி, கூடுகளை நிறுத்திவைக்கும் குழிப்பலகை, புனல், கூட்டின் வாய் விளிம்பைச் செதுக்கும் கருவி, உயவு எண்ணெய், கையேடு ஆகியவை இருந்தன. இல்லாதவற்றைச் சொல்வதே வாங்குபவருக்கு முக்கியம். டைகள் இல்லை, கூட்டின் அடியைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டர் இல்லை, கூட்டின் நீளத்தை அளக்கும் காலிபர் இல்லை, தவறாக நிரப்பிய தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியல் இல்லை. முதலிரண்டும் தோட்டாவின் அளவுக்கேற்ப மாறுபவை என்பதால் அவை இல்லாதது நியாயமே. பின்னிரண்டும் அப்படியல்ல, முதல் மாதத்துக்குள் தொடக்கக்காரர் எவருக்கும் அவை தேவைப்படாமல் போகாது. முழுத் தொகுப்பு என்று நம்பி ஒரு சனிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்த எனக்கு, அன்று மாலைவரை ஒரு கூட்டைக்கூடத் தொட வழியில்லாமல் போயிற்று.

முதல் தவறு மேசை. கடையில் கிடைத்த, அழுத்திய மரத்தூளால் ஆன மலிவான பணிமேசையில், இரண்டு கால்களுக்கு நடுவே, பலகையின் மெலிந்த இடத்தில் பிரஸ்ஸைப் போல்ட் போட்டு இறுக்கினேன். கூட்டைச் சுருக்குவதற்குக் கைப்பிடியை அழுத்தும்போது ராம் மேலே போகவில்லை. மேசை கீழே வளைந்தது. நிமிர்த்தும்போது மேசையின் முன்கால்கள் தரையை விட்டு எழுந்தன. இதற்கு மேல், பிரஸ்ஸின் இணைப்புக் கரங்கள் பலகையின் விளிம்புக்கு வெளியே, கீழ்நோக்கி அசைய வேண்டியவை என்பதைக் கவனிக்காமல், அடியில் ஓர் இழுப்பறை இருந்த பக்கத்தில் பூட்டியிருந்தேன். கைப்பிடி பாதி வழியில் இழுப்பறையில் இடித்து நின்றது. ராம் முழுத் தூரம் ஏறாததால் டையைச் சரியாக இறக்கவில்லை என்று எண்ணி, டையைத் திருகித் திருகி இறக்கிக்கொண்டே இருந்தேன். மேசையின் குறையை டையில் தேடிய அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கம்தான். பிறகு ப்ளைவுட் பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் திருகி, சுவரின் மரச்சட்டத்தோடு மேசையைப் பிணைத்து, காலுக்கு நேர் மேலே பிரஸ்ஸை மாற்றியபோது, அதே கருவி வேறொன்றுபோல இயங்கியது. கைப்பிடியை இரு விரலால் இறக்க முடிந்தது. பிரஸ்ஸைப் பற்றி இணையத்தில் குறை எழுதும் பலரின் படங்களில் அவர்களுடைய மேசையைப் பார்க்கிறேன். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கிறது.

டைகளை வேறொரு நிறுவனத்திடம் வாங்கினேன். அதில் தவறில்லை, ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு விட்டமும் அங்குலத்துக்கு 14 புரியும் கொண்ட திருகு மறை இத்துறையில் பொதுவானது, எவருடைய டையும் எவருடைய பிரஸ்ஸிலும் பெரும்பாலும் ஏறும். ஆனால் ஷெல் ஹோல்டரின் எண்கள் பொதுவானவை அல்ல. நான் நிரப்புவது .38 ஸ்பெஷல் என்னும் ரிவால்வர் தோட்டா. அதற்கு ஆர்சிபிஎஸ் தரும் எண் 6. லீ நிறுவனம் அதையே 1 என்கிறது. எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆர்டர் செய்தவனுக்கு என்ன வந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

.38 ஸ்பெஷலுக்கு மூன்று டைகள்: கூட்டைச் சுருக்கிப் பழைய பிரைமரைத் தள்ளுவது, வாயைச் சற்று விரிப்பது, குண்டை அமர்த்தி விளிம்பை மடிப்பது. மூன்றிலும் தவறு செய்தேன் என்றாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். முதல் டையின் வாயில் கார்பைடு வளையம் இருந்தது. நேரான சுவருடைய கூடுகளுக்கு அந்த வளையம் ஒரு வரம். எண்ணெய் பூச வேண்டியதில்லை. எஃகு டைக்குச் சொல்லியிருந்த முறையைப் படித்துவிட்டு, ஷெல் ஹோல்டர் டையில் முட்டிய பிறகும் கால் சுற்று இறக்கினேன். கார்பைடு கடினமானது, ஆனால் உடையும் தன்மையுடையது. முட்டி இடிக்கும்படி அதை வைப்பது வளையத்தில் விரிசல் விழ வழி. காகிதத்தின் தடிமன் அளவு இடைவெளி விட வேண்டும் என்று அந்த டையோடு வந்த சீட்டிலேயே இருந்தது. அந்தச் சீட்டை டைப் பெட்டியின் நுரைக்கு அடியில் பிறகு கண்டெடுத்தேன். வளையம் தப்பியது என் திறமையால் அல்ல.

பிரைமர் தள்ளும் ஊசி தப்பவில்லை. சுடுதளத்தின் தரையில் பொறுக்கிய கூடுகளுக்குள் பெர்டன் வகைக் கூடு ஒன்று கலந்திருந்தது. அமெரிக்காவில் வழங்கும் பாக்ஸர் வகைக் கூட்டில் அடியின் நடுவே ஒரே துளை. ஊசி அதன் வழியே போகும். பெர்டன் வகையில் நடுவில் துளை கிடையாது, பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு துளைகள். ஊசி திண்ணென்ற உலோகத்தில் முட்டி வளைந்துவிடும். பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் நிலைத்தது வேடிக்கை. ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் வெளிச்சம் அடித்துப் பார்த்த பிறகே டைக்கு அனுப்புவது என்ற வழக்கம் அன்று வந்தது.

இரண்டாம் டையில் வாயை மிகக் குறைவாக விரித்ததால், ஈயக் குண்டு அமரும்போது அதன் ஓரம் சீவப்பட்டு, தேங்காய்ப் பூப்போல ஈயச் சுருள் வெளியே பிதுங்கியது. பயந்துபோய் மறுநாள் அதிகம் விரித்தேன். கூட்டின் வாய் புனலாகி மூன்றாம் டைக்குள் நுழையவே மறுத்தது. அப்படி மீண்டும் மீண்டும் விரித்து மடிக்கப்படும் பித்தளை சீக்கிரம் பிளக்கவும் செய்யும். குண்டின் அடி, கூட்டின் வாயில் விழாமல் நிற்கும் அளவுக்கு விரிந்தால் போதும்.

மூன்றாம் டைதான் என்னை அதிகம் சோதித்தது. அந்த ஒரு டையே குண்டை உள்ளே தள்ளுகிறது, விளிம்பையும் மடிக்கிறது. குண்டு முழுதாக இறங்கும் முன்னரே மடிப்புத் தொடங்கினால், கூடு குண்டை இறுகப் பிடித்துக்கொள்ள, டையின் நடுவிலுள்ள தண்டு மேலிருந்து தள்ள, இடையில் அகப்பட்ட மெல்லிய பித்தளைச் சுவர் உப்பிக்கொள்கிறது. முதல் இருபதில் ஏழு இப்படி உப்பின. அளவுமானியில் வைத்தால் ரிவால்வரின் அறைக்குள் போகாதவை. சரியான முறை எளிது: முதலில் டையின் உடலை உயர்த்திவைத்து, மடிப்பு விழாமல், தண்டைக் கொண்டு மட்டும் குண்டின் ஆழத்தை அமைப்பது, பிறகு தண்டை மேலே விலக்கி, உடலைச் சிறிது சிறிதாக இறக்கி மடிப்பை அமைப்பது, கடைசியில் தண்டைத் திரும்பக் கீழே கொண்டுவந்து குண்டில் தொட்டு நிறுத்துவது. இதையும் சரியாகச் செய்தபின் மடிப்பு ஒன்றுக்கொன்று வேறுபட்டதற்குக் காரணம் கூடுகளின் நீளம். .38 ஸ்பெஷல் கூட்டின் உச்ச நீளம் 1.155 அங்குலம், நான் கலந்து வைத்திருந்தவை பல நீளங்களில் இருந்தன. காலிபர் வாங்கியது அந்த வாரம்தான்.

இனித் தராசு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் மற்றத் தவறுகள் கூட்டைக் கெடுக்கும், இது கையைக் கெடுக்கும். மருந்தின் எடை கிரெய்னில் சொல்லப்படுகிறது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். நம் பொற்கொல்லர்கள் நிறுத்த குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்ன் இருக்கும் என்றால் அளவு பிடிபடும். .38 ஸ்பெஷலில் வேகமாக எரியும் மருந்து ஓரிரு குன்றிமணி எடைக்குள் அடங்கிவிடும். அதில் கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம், கணக்கில் வரும். ஆர்சிபிஎஸ் தொகுப்பில் இருந்த கோல் தராசைப் பழைய பாணி என்று ஒதுக்கிவிட்டு, நான் மலிவான மின்னணுத் தராசு ஒன்றை வாங்கினேன். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. தவறு பாதி என்னுடையது. கைப்பிடி ஏறி இறங்கும் அதே மேசையில், ஏசியின் காற்று நேராக விழும் இடத்தில், இயக்கிய மறுநிமிடமே அதை வேலைக்கு எடுத்தேன். அத்தகைய தராசுகள் சூடாகி நிலைகொள்ள அரை மணி நேரமாவது விட வேண்டும். காற்றும் அதிர்வும் கைப்பேசியும் அவற்றின் எண்களை நகர்த்தும். அறுபது தோட்டாக்களை நிரப்பி முடித்துத் தட்டை எடுத்தபோது, பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 0.3 என்று நின்றது. எந்தத் தோட்டாவில் தொடங்கி அது நகர்ந்தது என்று சொல்ல வழியே இல்லை. அறுபதையும் பிரிப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

பிரிக்கும் சுத்தியல் என்பது உள்ளீடற்ற பிளாஸ்டிக் தலையுடைய கருவி. தோட்டாவை அதற்குள் பிடிக்கவைத்துக் கெட்டியான தரையில் அடித்தால், குண்டு தன் விசையாலேயே கழன்று விழும். ஒரு தோட்டாவுக்கு நான்கைந்து அடி. அறுபது தோட்டாக்களுக்கு இரண்டு மாலைகள் ஆயின. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் தயங்கியபடி, வீட்டில் ஏதும் கட்டுமான வேலை நடக்கிறதா என்று கேட்டார். அதன்பின் தூசி தட்டி எடுத்த கோல் தராசை, மேசையைத் தொடாத தனிச் சுவர்ப்பலகையில், கண்ணுக்கு நேர் உயரத்தில் வைத்திருக்கிறேன். மெதுவானது. ஆனால் அதற்கு மின்சாரம் தெரியாது, கோலின் காந்தத் தடுப்பு நொடிகளில் அதை நிறுத்திவிடுகிறது. எடை தெரிந்த சிறு படிக்கற்களின் பெட்டி ஒன்று வாங்கி, ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலும் முடிவிலும் சோதிக்கிறேன். இந்தத் தொகுப்பில் எனக்கு மிகப் பிடித்த பொருள் எது என்று கேட்டால், நான் முதலில் ஒதுக்கிவைத்த இந்தத் தராசைத்தான் சொல்வேன்.

மருந்துக் குடுவையும் நல்லது. ஆனால் அதற்கும் பழக்கம் உண்டு. நிரப்பியதும் முதல் பத்துப் பன்னிரண்டு வீச்சுகள் ஏறுக்குமாறாக விழும், மருந்து உள்ளே படிந்த பிறகே சீராகும். கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் சுழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதன் சொந்த டப்பாவுக்கே திருப்பிவிட வேண்டும். ஓரிரவு விட்டுவைத்தால் சில மருந்துகள் பிளாஸ்டிக்கைத் தின்று மங்கவைப்பது ஒரு பக்கம். காலையில் உள்ளே இருப்பது எந்த மருந்து என்ற சந்தேகம் எழுவது அதைவிடப் பெரிய கேடு. சந்தேகம் வந்த மருந்தை நிரப்பக்கூடாது. மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்பதை நான் தவறாமல் பின்பற்றிய ஒரே விதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

.38 ஸ்பெஷலில் தனியான ஓர் அபாயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரும்மருந்துக்காக வகுக்கப்பட்ட கூடு அது. உள்ளே இடம் தாராளம். இன்றைய புகையில்லா மருந்தை அதில் கொட்டினால் அடியில் சிறிதளவே கிடக்கும். மறந்து இரண்டாம் முறை கொட்டினாலும் வழியாது, குண்டும் தடையின்றி அமரும். துப்பாக்கியே வெடித்துச் சிதறும்போதுதான் தெரியும். கொட்ட மறந்தாலோ பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலின் பாதியில் கொண்டுபோய்ச் செருகிவிடும், அதன் பின்னால் சுடப்படும் அடுத்த குண்டு குழலைப் பிளக்கும். ஆகையால் ஐம்பது கூடுகளையும் குழிப்பலகையில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன்னர் விளக்கடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்க்கிறேன். உயரத்தில் மாறுபட்டது ஒன்று இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். பல டைகளைத் தாங்கிச் சுழலும் டரட் பிரஸ்ஸோ, ஒரே இழுப்பில் எல்லா நிலையையும் முடிக்கும் ப்ரோக்ரஸிவ் பிரஸ்ஸோ வாங்கியிருந்தால் மணிக்கு நிரப்புவது பல மடங்காகியிருக்கும். ஆனால் அவற்றில் ஐம்பது கூடுகளும் ஒருசேரக் கண்முன் நிற்பதில்லை. டையை அமைக்கவே தெரியாத நிலையில் எனக்கு ராக் சக்கரின் மந்தமே பாதுகாப்பாக இருந்தது.

பிரைமர் பொருத்தும் கைக்கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது விரலுக்கு உணர்வைத் தருகிறது. பிரைமர் அடியில் முட்டுவது தெரிகிறது. அமர்ந்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் ரிவால்வரின் உருளை சுழலாமல் சிக்கும். எண்ணெய்க் கையோடு பிரைமரைத் தொட்டு ஒன்றிரண்டைச் சாகடித்தேன். கண்ணாடி அணியாமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது.

பின்னர் .308 ரைஃபிள் கூடுகளுக்குப் போனபோது, கார்பைடு டை தந்த சோம்பல் என்னைக் காட்டிக்கொடுத்தது. கழுத்துள்ள கூட்டுக்கு எண்ணெய் கட்டாயம். பூசாமல் விட்ட ஒரே ஒரு கூடு டைக்குள் பற்றிக்கொண்டது; ராக் சக்கரின் நெம்புவிசை அசாத்தியமானது, இழுத்த இழுப்பில் கூட்டின் விளிம்பு பிய்ந்து வந்ததே ஒழிய கூடு வரவில்லை. அடியில் துளையிட்டு மறை போட்டுத் திருகி இழுக்கும் கருவியால்தான் அதை எடுத்தேன். அதற்கு அடுத்த வாரம் எண்ணெயை அள்ளிப் பூசினேன். கூட்டின் தோள்பட்டையில், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியில், எண்ணெய் தங்கிக் குழிகள் விழுந்தன.

ஹூஸ்டனின் கோடைக்காலக் கராஜ் இந்த வேலைக்கு ஏற்ற இடமன்று. ஈரக்காற்றில் ராம் ஒரே மாதத்தில் துருப்பிடித்தது, மருந்தையும் பிரைமரையும் அந்த வெக்கையில் வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. இரண்டும் குளிர்ச்சியும் உலர்வும் உள்ள இடத்தில், வந்த டப்பாவிலேயே, தீயிலிருந்து விலகி, குழந்தைகளுக்கு எட்டாமல் இருக்க வேண்டும். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் விதித்தொகுப்பு வீட்டில் 20 பவுண்டு வரையிலான மருந்தை அசல் டப்பாக்களிலும், 10,000 பிரைமர்கள் வரையிலும் அனுமதிக்கிறது. ஊர் விதிகள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். பிரஸ்ஸையும் மருந்தையும் வீட்டுக்குள் ஓர் அறைக்கு மாற்றிவிட்டேன். கூடுகளைத் துப்புரவாக்கும் டம்ப்ளர் மட்டும் கராஜிலேயே இருக்கிறது. பிரைமரின் ஈயம் அதிலிருந்து எழும் தூளில் தங்குவதால் அதை வீட்டுக்குள் விடுவதில்லை. மேசையில் காபிக் கோப்பைக்கும் இடமில்லை.

பூட்டுவதில் இத்தனை சோதனைகள் இருந்தும், பிரஸ் ஒரு முறைகூடத் தன் அமைப்பிலிருந்து நகரவில்லை. நான் தவறாக அமைத்ததைக்கூட அது தவறாமல் திருப்பிச் செய்தது. தொகுப்பாக வாங்குவதா, தனித்தனியாகவா என்று கேட்போருக்கு நான் தொகுப்பையே சொல்வேன், காலிபர், பிரிக்கும் சுத்தியல், படிக்கற்கள் ஆகிய மூன்றையும் அதே நாளில் சேர்த்து வாங்குவதாக இருந்தால். மேசைக்கான மரம் அதற்கும் முந்தின வாரமே வந்துவிட வேண்டும்.

நிரப்பிய ஒவ்வொரு பெட்டியிலும் நாள், மருந்து, எடை, குண்டு, பிரைமர் ஆகியவற்றை எழுதி ஒட்டுகிறேன். தொடக்க நாட்களில் எழுதாமல் விட்ட பெட்டி ஒன்று அலமாரியில் இருக்கிறது. ஐம்பது தோட்டாக்கள், மடிப்பும் பளபளப்பும் குறையில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாத ஒரு வாரக் கடைசிக்காக அதை வைத்திருக்கிறேன்.